பெட்டி ஆமைக்கு என்ன கொடுக்கலாம், எவ்வளவு, எப்போது: முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு அம்மிணிக்கு ஸ்ட்ராபெர்ரி என்றால் உயிர். சிவப்பாக எதைப் பார்த்தாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வருவாள், பசித்த பெட்டி ஆமை நிஜமாகவே ஓடும். அவளைத் தத்தெடுத்து செயின்ட் லூயிஸ் வீட்டுக்குக் கொண்டுவந்த புதிதில், அந்த ஓட்டத்தைப் பார்க்கும் ஆசையிலேயே தினமும் ஸ்ட்ராபெர்ரி, நடுவில் வாழைப்பழம், டப்பாவில் வரும் காய்ந்த மீல்வார்ம் (ஒரு வகை வண்டின் புழு) என்று ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், அப்புறம் என்ன கவலை என்று இருந்தேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் இடது கண் இமை உப்பி மூடிக் கிடந்தது, காதுப் பக்கத்தில் சின்னக் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம். ஊர்வன பார்க்கும் மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அதைக் கீறி, உள்ளிருந்து எடுத்ததை என்னிடம் காட்டினார். நம் உடம்பில் வருவது போல ஒழுகும் சீழ் இல்லை, பனீர்த் துண்டு மாதிரி கெட்டியாக, மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு உருண்டை. ஆமைகளுக்குச் சீழ் அப்படித்தான் கட்டுமாம். சாப்பாட்டில் வைட்டமின் ஏ போதாமல் போனதுதான் பெரும்பாலும் இதற்கு அடிப்படை என்றார்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன். ஆமை விரும்பிச் சாப்பிடுவது வேறு, அதன் உடம்புக்கு வேண்டியது வேறு. இன்னொன்று, ஆமை உடம்பு ரொம்ப மெதுவாக இயங்குவது. தப்பான சாப்பாட்டின் பலன் அடுத்த நாளோ அடுத்த வாரமோ தெரியாது, பல மாதம் கழித்துத் தெரியும்போது காரியம் கை மீறிப் போயிருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30, 40 வருடம் நம்மோடு இருக்கும் பிராணி இது, காட்டில் 100 வயதைத் தாண்டியவைகூட உண்டு. அதனால் முதல் மாதத்திலேயே சாப்பாட்டைச் சரியாக ஆரம்பித்துவிடுங்கள்.

முதல் படி: உங்களிடம் இருப்பது எந்த ஆமை, என்ன வயது

இந்த வழிகாட்டி வட அமெரிக்காவின் பெட்டி ஆமைகளுக்கு மட்டும். அடிவயிற்று ஓட்டில் கதவுக் கீல் மாதிரி ஒரு மடிப்பு இருக்கும், பயந்தால் தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு பெட்டியைப் பூட்டுவது போல மூடிக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர். இவற்றில் வீடுகளில் அதிகம் பார்ப்பது மூன்று. கிழக்குப் பெட்டி ஆமை, வட கரோலினா, டென்னசி பக்கத்துக் காடுகளில் வாழ்வது. மூவிரல் பெட்டி ஆமை, எங்கள் மிசோரி மாநிலத்தின் அதிகாரபூர்வ ஊர்வனமே இதுதான், பின்னங்காலில் பெரும்பாலும் மூன்று விரல்தான் இருக்கும், அம்மிணி இந்த வகை. அப்புறம் கன்சாஸ், நெப்ராஸ்கா புல்வெளிகளில் இருக்கும் அலங்காரப் பெட்டி ஆமை, ஓட்டில் மஞ்சள் கோடுகள் சூரியக் கதிர் போல விரிந்திருக்கும். முதல் இரண்டும் காட்டுத் தரையில் கிடைத்ததையெல்லாம் தின்று வாழ்பவை. மூன்றாவது பூச்சி வேட்டைக்காரி, வெட்டுக்கிளியும் வண்டும்தான் அதன் முக்கியச் சாப்பாடு, இலை தழையை அவ்வளவாகச் சீண்டாது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சிலர் வீட்டில் வைத்திருக்கும் நட்சத்திர ஆமை முழுக்க முழுக்கப் புல் பூண்டு தின்னும் ஆமை, கீழே சொல்லியிருக்கும் புழு பூச்சிச் சாப்பாட்டைக் கொடுத்தால் அதன் உடம்பு கெட்டுவிடும். அதோடு 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அமெரிக்காவில் இருப்பவர்களும் மழை நாளில் சாலையைக் கடக்கும் பெட்டி ஆமையை வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுங்கள், போதும். பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்ளேயே ஆயுளைக் கழிக்கும் ஜீவன் அது. இடம் மாற்றினால் திரும்பப் போகும் வழியைத் தேடியே அலைந்து செத்துப்போகவும் கூடும். ஆமை வளர்க்க ஆசை இருந்தால் கைவிடப்பட்ட ஆமைகளைத் தத்துக் கொடுக்கும் காப்பகத்தில் கேளுங்கள், அதற்கு முன் உங்கள் மாநிலச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

வயதுக்கு வருவோம். முட்டையிலிருந்து வந்த குட்டி முதல் நாலைந்து வருடம் அசைவப் பிரியன். அதன் சாப்பாட்டில் முக்கால் பங்கு புழு பூச்சியாகவே இருக்கலாம், ஆனால் பச்சையை ஒரு நாளும் விடாமல் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். வளர்ந்த ஆமைக்குப் பாதிக்குப் பாதி: பாதி அசைவம், பாதி கீரை, காய், காளான், கொஞ்சம் பழம். அலங்காரப் பெட்டி ஆமைக்கு மட்டும் வளர்ந்த பிறகும் அசைவம் தூக்கலாகவே இருக்கட்டும்.

இரண்டாம் படி: சாப்பாட்டுக்கு முன் சூடும் வெளிச்சமும்

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னால் விளக்கைப் பற்றிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், இதை விட்டால் மீதி எல்லாம் வீண். ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். உடம்பு சூடாகாமல் வயிற்றில் ஒன்றும் செரிக்காது, பசியும் எடுக்காது. கூண்டில் வெயில் காயும் இடம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், அதாவது 85 முதல் 90 ஃபாரன்ஹீட், நிழல் பக்கம் 22, 23 டிகிரி இருந்தால் சரியாக இருக்கும்.

அடுத்தது புற ஊதா பி கதிர். ஆமையின் தோலில் அந்தக் கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் சாப்பாட்டில் உள்ள கால்சியம் ரத்தத்தில் சேரும். கால்சியத்தை எவ்வளவு கொட்டினாலும் இந்தக் கதிர் இல்லாவிட்டால் அது வயிற்றோடு வந்து வயிற்றோடு போய்விடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். முற்றத்தில் வேலி கட்டி நேரடி வெயிலும் நிழலும் கலந்து விட்டால் அதைவிட நல்லது ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் என்றால் ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் குழல் விளக்கு வாங்குங்கள், பெட்டியில் எழுதியிருக்கும் கால அளவில், பொதுவாக 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், மாற்றிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும், ஆனால் நமக்கு வேண்டிய கதிர் குறைந்துபோயிருக்கும்.

மூன்றாம் படி: அசைவப் பாதி

மண்புழுதான் ராஜா. எதைக் கொடுப்பது என்று குழப்பமாக இருந்தால் மண்புழு கொடுங்கள். தூண்டில் கடைகளில் குளிர்பெட்டியில் வைத்து விற்கும் பெரிய நைட்கிராலர் நல்லது. பச்சைச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு, அதை வாங்காதீர்கள். எரு மட்கவைக்கும் சிவப்புப் புழுவைச் சில ஆமைகள் வாயில் வைத்துத் துப்பிவிடும், அதற்கு ஒரு கசப்பு உண்டு. அம்மிணி மண்புழு சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். முதலில் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் முறைத்துப் பார்ப்பாள், நெளிகிறதா என்று உறுதி செய்துகொள்வது போல. அப்புறம் நடுவில் ஒரு கவ்வு, முன்னங்கால் இரண்டையும் புழுவின் மேல் மாறி மாறி வைத்துத் துடைத்துத் துடைத்து இழுப்பாள், மண் போன பிறகு ஒரே விழுங்கு.

நத்தை, ஓடில்லாத நத்தை, வண்டுப் புழு, வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, இங்கே குழந்தைகள் ரோலி போலி என்று சொல்கிற, தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் பூச்சி, எல்லாம் கொடுக்கலாம். நத்தையின் ஓட்டோடு கொடுத்தால் கால்சியமும் சேரும். சுவர்க்கோழியும் மீல்வார்மும் கடையில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் இரண்டிலும் கால்சியத்தைப் போலப் பல மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது, அதுதான் சிக்கல், ஏன் என்று கீழே சொல்கிறேன். கொடுப்பதற்கு முந்தின நாள் அந்தப் பூச்சிகளுக்குக் கீரையும் கேரட்டும் போட்டு வயிறு நிறையவைத்து, கால்சியப் பொடியில் புரட்டிக் கொடுங்கள். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் மட்டும் இயல்பாகவே கால்சியம் அதிகம், பொடி தேவையில்லை. காய்ந்த மீல்வார்ம் டப்பாவை நான் இப்போது வாங்குவதே இல்லை.

உங்கள் தோட்டத்தில் பிடித்த பூச்சி என்றால் ஒரே ஒரு கேள்வி: பூச்சி மருந்தோ களைக்கொல்லியோ அடித்திருக்கிறதா? பக்கத்து வீட்டுப் புல்தரைக்கு மருந்து அடிக்கும் வண்டி வந்துபோனாலும் அந்த வேலியோரத்து நத்தையைத் தொடாதீர்கள். மின்மினிப் பூச்சியை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். அதன் உடம்பில் உள்ள நஞ்சு வளர்ப்புப் பல்லிகளைக் கொன்றிருக்கிறது, ஆமையிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஜூன் மாத மாலைகளில் மிசோரி முற்றம் முழுக்க மின்மினி பறக்கும், அந்த நேரத்தில் நான் அம்மிணியை உள்ளே கொண்டுவந்துவிடுவேன்.

பூச்சி புழுவைக் கையால் தொட முடியாதவர்கள் அவித்த முட்டையை, ஓட்டையும் நுணுக்கிச் சேர்த்து, எப்போதாவது கொடுக்கலாம். உப்பு, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கோழித் துண்டும் எப்போதாவது சரி. நாய், பூனைத் தீனியை அன்றாடச் சாப்பாடாக வைக்காதீர்கள். பூனைத் தீனியில் கொழுப்பும் புரதமும் ஆமைக்கு மிக அதிகம்.

நான்காம் படி: பச்சைப் பாதி, இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறோம்

கணக்கு ஒன்றுதான், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சாப்பாட்டில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருக்க வேண்டும். பாஸ்பரஸ் கூடிப்போனால் ஆமையின் உடம்பு கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் உருவிக்கொள்ளும். ஓடு மெத்தென்று ஆகும், கால் வளையும், நடக்க முடியாமல் போகும்.

இந்தக் கணக்கை வைத்துக் கடையில் கிடைப்பதைப் பாருங்கள். 100 கிராம் காலர்ட் கீரையில் (அகலமான கரும்பச்சை இலை) கால்சியம் ஏறக்குறைய 230 மில்லிகிராம், பாஸ்பரஸ் 25 தான். மஞ்சள் பூப் பூக்கும் களைச்செடியான டேண்டிலயன் கீரையில் 187க்கு 66. பப்பாளியில் 20க்கு 10, சரியாக இரண்டுக்கு ஒன்று. காயவைக்காத அத்திப்பழத்தில் 35க்கு 14. இப்போது வாழைப்பழத்தைப் பாருங்கள்: கால்சியம் 5, பாஸ்பரஸ் 22. ஸ்ட்ராபெர்ரி 16க்கு 24. ஏழு மாதம் நான் அம்மிணிக்குக் கொடுத்தது எல்லாமே தலைகீழ்க் கணக்கு.

ஆகவே அடித்தளமாக வைக்க வேண்டியவை காலர்ட், டேண்டிலயன், கடுகுக்கீரை, டர்னிப் கீரை, எண்டைவ். மெக்சிகோக்காரர் மளிகைக் கடைகளில் முள் சீவி விற்கும் சப்பாத்திக்கள்ளி மடல் அருமையான பொருள், கால்சியம் நிறைய, நீர்ச்சத்தும் உண்டு, துண்டு போட்டால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழப்பாக இருக்கும், அந்தக் கொழகொழப்பைத் துடைக்காமல் அப்படியே கொடுங்கள். செம்பருத்திப் பூவும் டேண்டிலயன் பூவும் கொடுக்கலாம். மருந்து அடிக்காத செடியா என்று மட்டும் பாருங்கள், பூக்கடையில் வாங்கின செடி வேண்டாம்.

இதன் மேல் ஆரஞ்சு நிறக் காய்: சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பட்டர்நட் பூசணி, பரங்கிக்காய், கேரட், சிவப்புக் குடைமிளகாய். வைட்டமின் ஏ கிடைப்பது இங்கிருந்துதான். அம்மிணிக்கு வந்த கண் வீக்கமும் காதுக் கட்டியும் பெட்டி ஆமைகளுக்கு அடிக்கடி வருபவை, வராமல் தடுக்க இந்த ஆரஞ்சுக் காய்களும் கரும்பச்சைக் கீரையும் வேளா வேளைக்குப் போனால் போதும். கிழங்கைப் பச்சையாகத் துருவலாம், அல்லது லேசாக ஆவியில் வேகவைக்கலாம், வெந்தால் வாசனை வரும், ஆமையும் சீக்கிரம் வாய் வைக்கும். ஒரு எச்சரிக்கை: பற்றாக்குறையைச் சரிக்கட்ட வைட்டமின் ஏ சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அளவு கூடினால் தோல் உரிந்துபோகும். காய் வழியாகப் போனால் உடம்பு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

காளான் பெட்டி ஆமைகளின் பாரம்பரிய உணவு என்றே சொல்லலாம். காட்டில் மனிதனைக் கொல்லும் நச்சுக் காளானைக்கூடத் தின்றுவிட்டுத் தன் போக்கில் போகும். அதற்காக நாமும் முற்றத்தில் முளைத்ததைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டாம், கடையில் கிடைக்கும் சாதாரண பட்டன் காளான் வாரம் ஒரு முறை இரண்டு துண்டு போதும்.

பழம் மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது என் கணக்கு. ப்ளாக்பெர்ரி, ராஸ்பெர்ரி, மல்பெர்ரி, அத்தி, பப்பாளி, முலாம்பழம் எல்லாம் சரி. காட்டில் மேஆப்பிள் என்று ஒரு செடி உண்டு, பழுத்த பழத்தைத் தவிர அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. பெட்டி ஆமை அந்தப் பழத்தைத் தேடித் தின்று விதையைக் காடெங்கும் பரப்புகிறது, ஆமையின் வயிற்றுக்குள் போய் வந்த விதை நன்றாக முளைக்கவும் செய்கிறது. பழத்துக்கும் ஆமைக்கும் அப்படி ஒரு உறவு. ஆனால் காட்டில் பழம் வருடத்தில் சில வாரம்தான், நம் ஃப்ரிட்ஜில் வருடம் முழுக்க.

கொடுக்கக் கூடாதவை: அவகாடோ, ரூபார்ப், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இலை, தக்காளி இலை, சாக்லேட், பால், தயிர், சீஸ். சோறும் இட்லியும் சப்பாத்தியும்கூட வேண்டாம், நம் வீடுகளில் பாசத்தில் செய்கிற தப்பு இது, அது சாப்பிட்டாலும் அதன் வயிற்றுக்கு அதில் ஒன்றும் இல்லை. பசலை, பாலக், பீட்ரூட் கீரை இவற்றில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், அதனால் எப்போதாவது ஒரு இலை. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், ப்ராக்கோலி தொடர்ந்து கொடுத்தால் தைராய்டைப் பாதிக்கும், அதுவும் எப்போதாவதுதான். ஐஸ்பெர்க் லெட்யூஸ் வெறும் தண்ணீர், வயிற்றை நிரப்பும், வேறொன்றும் செய்யாது.

ஐந்தாம் படி: ஞாயிற்றுக்கிழமைக் கலவை

தினமும் நறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் அலுத்து, மறுபடி ஸ்ட்ராபெர்ரிக்கே வந்துவிடுவோம். அதனால் நான் செய்வது இது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கட்டு காலர்ட், ஒரு கட்டு டேண்டிலயன், இரண்டையும் தண்டு நீக்கிப் பொடிசாக, பொரியலுக்கு அரிவதை விடவும் பொடிசாக அரிவேன். ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கில் பாதியைத் துருவிச் சேர்ப்பேன். ஒரு கள்ளி மடல். நாலு காளான். கடைசியாக ஒரு கை ப்ளாக்பெர்ரியை நசுக்கி, அந்தச் சாறு எல்லா இலையிலும் படும்படி பிசறிவிடுவேன். முக்கியமான வேலை இந்தப் பிசறல்தான், பழத்தின் வாசனை கீரையில் ஏறிவிட்டால் ஆமையால் பிரித்தெடுக்க முடியாது. துண்டு துண்டாகப் போட்டால் பழத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு கீரையை மிதித்துக்கொண்டு போகும்.

இதை ஐஸ் கட்டித் தட்டுகளில் அழுத்தி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் மூன்று நாலு வாரம் வரும். முந்தின இரவு ஒரு கட்டியை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் காலையில் இளகியிருக்கும், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கொடுங்கள், ஜில்லென்று கொடுக்காதீர்கள். கீரை வகையை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், ஒரே கலவையை ஆறு மாதம் ஓட்டினால் அதுவும் ஒருவிதத்தில் ஸ்ட்ராபெர்ரிக் கதைதான்.

ஆறாம் படி: கால்சியப் பொடி, கடல் நுரை

பாஸ்பரஸ் கலக்காத, வெறும் கால்சியம் கார்பனேட் பொடி வாங்குங்கள். வளர்ந்த ஆமைக்கு வாரத்தில் இரண்டு வேளை, குட்டிக்கும் முட்டையிடும் பெண்ணுக்கும் இன்னும் அடிக்கடி, உப்பு தூவுவது போல ஒரு சிட்டிகை. டி3 சேர்த்த பொடி வெயிலோ சரியான விளக்கோ கிடைக்காத ஆமைக்கு மட்டும், அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. ஊர்வனவற்றுக்கான பல்வைட்டமின் பொடி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பார்களே, கணவாய் மீனின் ஓடு, இங்கே பறவைத் தீனிக் கடையில் அதே பொருள் கிடைக்கும். பின்னாலிருக்கும் கெட்டியான பக்கத்தைச் சீவிவிட்டுக் கூண்டில் ஒரு துண்டு போட்டுவையுங்கள். வேண்டும்போது கடித்துக்கொள்ளும், கால்சியமும் கிடைக்கும், அலகும் தேயும். மெத்தென்ற சாப்பாடே சாப்பிடும் ஆமைக்கு மேல் அலகு கிளி மூக்கு மாதிரி வளர்ந்து வாயை மூட முடியாமல் போகும். அதற்காகவே நான் தட்டு வைப்பதில்லை, தட்டையான கருங்கல் பலகை ஒன்றின் மேல்தான் சாப்பாடு, ஒவ்வொரு கவ்வலிலும் அலகு கல்லில் உரசும்.

ஏழாம் படி: எப்போது, எவ்வளவு

குட்டிக்குத் தினமும். வளர்ந்த ஆமைக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை, சில நாள் மூன்றாகிவிட்டாலும் ஒன்றும் ஆகாது. காலையில் விளக்குப் போட்டு ஒரு மணி நேரம் உடம்பு சூடான பிறகு கொடுங்கள், ராத்திரியில் கொடுத்தால் செரிக்காது. அம்மிணிக்கு ஒரு வேளைக்கு ஒரு ஐஸ் கட்டி அளவு கலவை, மேலே நடுத்தர மண்புழு இரண்டு. அரை மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிடுவேன்.

அளவு சரியா என்று பார்க்க அதன் ஓடே போதும். பயந்து உள்ளே இழுத்துக்கொள்ளும்போது கதவு முழுசாக மூடுகிறதா? கால் இடுக்கிலும் கழுத்தோரமும் சதை பிதுங்கி, மூட முடியாமல் தடுமாறினால் கொழுப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம், அசைவத்தையும் பழத்தையும் குறைக்க வேண்டும். மாறாக, கால் இடுக்கில் தோல் தொளதொளவென்று குழி விழுந்திருந்தால் போதவில்லை. மாதம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள், அதற்கென்று தனித் தராசு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஒரு அகலமான, ஆழமில்லாத தட்டில், ஆமையின் மோவாய் தொடும் அளவுக்கு. இவற்றுக்கு நீச்சல் சரியாக வராது. தண்ணீருக்குள்ளேயே மலம் கழிக்கும், குடிப்பதும் அதையேதான், அதனால் தினமும் மாற்றியே ஆக வேண்டும். வீட்டுக்குள் வளரும் ஆமையை வாரம் இரண்டு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் உட்காரவைப்பது நல்லது. தட்டையோ ஆமையையோ சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஆமைகளின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும், அதற்கு ஒன்றும் செய்யாது, நமக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975 முதல் தடை இருப்பதே குழந்தைகள் அவற்றை வாயில் வைத்து நோய் வாங்கியதால்தான். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளையும் கழுவவையுங்கள்.

எட்டாம் படி: கீரையைத் தொடவே மாட்டேன் என்றால்

மனசு இளகிவிடாதீர்கள், இது எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டது. அறுவை முடிந்து வந்து கண் திறந்த பிறகு அம்மிணி கலவையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். வளர்ந்த, எடை சரியாக இருக்கும் ஆரோக்கியமான ஆமை ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. நோயிலிருந்து தேறிய ஆமை, குட்டி, எடை குறைந்த ஆமை என்றால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் இந்தப் பிடிவாதம் பிடிக்க வேண்டும், நானும் கேட்டுக்கொண்டுதான் செய்தேன்.

மண்புழுவை வெட்டி, அது இன்னும் நெளியும்போதே கலவையில் புதைத்துவையுங்கள். புழுவைக் கவ்வும்போது கீரையும் வாய்க்குள் போகும். வாரம் ஆக ஆகக் கலவையில் பிசறும் பழச் சாறைக் குறையுங்கள். இன்னொன்று மழை. பெட்டி ஆமைகள் மழை விட்டதும் வெளியே வந்து மேயும் பழக்கம் உள்ளவை, புழுவும் நத்தையும் அப்போதுதானே வெளியே வரும். சாப்பாடு வைப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் கூண்டு முழுக்கத் தண்ணீர் தெளித்துவிடுங்கள், மண் வாசனை எழும்பும். அம்மிணி விஷயத்தில் பலித்தது இதுதான். ஒன்பதாம் நாள் காலை தெளித்துவிட்டுக் கலவையைக் கல்லில் வைத்தேன், மண்ணுக்குள்ளிருந்து தலை நீட்டினாள், மூக்கு மேல் ஒரு துளி உருண்டது, நேராக வந்து காலர்ட் துணுக்கு ஒட்டிய கிழங்குத் துருவலைக் கவ்வினாள்.

மூக்கு ஒழுகுதல், கண் வீக்கம், வாயைத் திறந்து மூச்சு விடுதல், மெத்தென்ற ஓடு, இவற்றோடு சாப்பிடாமல் இருந்தால் அது பிடிவாதம் இல்லை, நோய். அன்றே ஊர்வன மருத்துவம் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள், நாய் பூனை மட்டும் பார்க்கும் எல்லாருக்கும் ஆமை பற்றித் தெரிந்திருக்காது.

ஒன்பதாம் படி: குளிர்காலம்

வெளியில் வளரும் ஆமைகள் அக்டோபர் வாக்கில் மண்ணுக்குள் புதைந்து தூங்கத் தயாராகும். நோயில்லாத, எடை சரியாக இருக்கிற வளர்ந்த ஆமையை மட்டும் தூங்கவிடுங்கள், முதல் முறை என்றால் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு. தூங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும், ஆனால் சூடும் வெளிச்சமும் அப்போதும் இருக்க வேண்டும், வயிற்றில் இருப்பது செரித்து வெளியே போக. அந்த நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி உட்காரவையுங்கள். குடலில் சாப்பாடு மிச்சமிருக்கக் குளிரில் தூங்கிவிட்டால் அது உள்ளேயே அழுகி ஆமையைக் கொல்லும். எவ்வளவு ஆசையாகப் பார்த்தாலும் அந்த மூன்று வாரம் ஒரு புழுகூடக் கூடாது.

தூங்கவைக்காமல் வீட்டுக்குள் வைத்திருந்தால் விளக்கும் சூடும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்படியும் டிசம்பர், ஜனவரியில் பசி கொஞ்சம் குறையும், எடை இறங்காதவரை பயப்பட வேண்டாம்.

வசந்தத்தில் எழுந்ததும் முதலில் தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் அரை மணி நேரம், அது நீளமாகக் குடிப்பதைக் கழுத்து அசைவிலேயே பார்க்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்து, உடம்பு நன்றாகச் சூடேறிய ஒரு காலையில், ஒரு மண்புழு, அதோடு பப்பாளி ஒரு துண்டு. அடுத்த வாரத்திலிருந்து பழைய கலவைக்கு வந்துவிடலாம். எழுந்து இரண்டு வாரம் ஆகியும் எதையும் தொடாவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், போகும்போது தூங்குவதற்கு முன் குறித்துவைத்த எடையையும் எடுத்துக்கொண்டு போங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.